மீகடத்தி நினைவகங்கள்: கடுங்குளிர்க் கணினியின் அவிழாத முடிச்சு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மின்தடையே இல்லாத கம்பிகளால் கணினி கட்ட முடியுமா என்ற கேள்வி எழுந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. கணக்குப் போடும் பகுதியைச் செய்ய முடியும் என்பது பலமுறை நிரூபணமாகிவிட்டது. போட்ட கணக்கை வைத்துக்கொள்ளும் பகுதி, அதாவது நினைவகம், இன்னும் இழுபறியில் கிடக்கிறது. இந்தத் துறை ஆய்வகத்தைத் தாண்டுமா என்பதை அந்த ஒரு முடிச்சுதான் தீர்மானிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தப் பக்கம் நினைவகத்தைப் பற்றியே பேசுகிறது.

மீகடத்தி நினைவகம் என்றால் என்ன?

சில உலோகங்களைப் போதிய அளவு குளிர்வித்தால் அவற்றின் மின்தடை அடியோடு மறைந்துவிடும்; அந்த நிலையில் அவை மீகடத்திகள். 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்கு, அதாவது -269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தபோது இதைக் கண்டார். இன்றைய சுற்றுகளில் பெரும்பாலும் நியோபியம் பயன்படுகிறது. அது சுமார் 9.3 கெல்வினுக்குக் கீழே மீகடத்தியாகிவிடும்.

அத்தகைய உலோகத்தில் ஒரு வளையம் செய்து மின்னோட்டத்தைச் சுழலவிட்டால் அது தானாகத் தேயாது. மீகடத்திச் சுருள் ஒன்றில் ஓடும் மின்னோட்டம் தேய 1 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும் என்று 1963-இல் வெளியான ஓர் அளவீடு மதிப்பிட்டது. வலஞ்சுழியாக ஓடினால் 1, இடஞ்சுழியாக ஓடினால் 0 என்று வைத்துக்கொண்டால் ஒரு பிட் கிடைத்துவிட்டது. அதைக் காத்து வைக்க மின்சாரம் தேவையில்லை. நம் கணினிகளில் உள்ள டிரேம் நினைவகத்திலோ மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிட்டையும் 64 மில்லிநொடிக்கு ஒருமுறையாவது புதுப்பித்தாக வேண்டும்.

அந்த வளையத்தில் ஜோசப்சன் சந்திக்கு என்ன வேலை?

மின்னோட்டம் தேயாது என்றால் அதை மாற்றுவது எப்படி? வளையத்தில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் ஜோசப்சன் சந்தி. இரண்டு மீகடத்திகளுக்கு இடையே சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனில் ஒரு மின்காப்புப் படலம் இருக்கும். அந்தப் படலத்தின் ஊடாக எலெக்ட்ரான் இணைகள் மின்னழுத்தம் எதுவும் இல்லாமலேயே கடந்து செல்லும் என்று 1962-இல் பிரையன் ஜோசப்சன் கணித்தார். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆய்வு மாணவர். அடுத்த ஆண்டே சோதனையில் அது உறுதியானது. 1973-இல் நோபல் பரிசும் வந்தது.

சந்தி வழியாக ஓர் எல்லைவரைதான் மின்தடையின்றி மின்னோட்டம் செல்லும். அந்த எல்லையைத் தாண்டும் கணத்தில் சந்தி ஒரு துடிப்பை வெளியிடும். சுமார் 1 மில்லிவோல்ட் உயரமும் 2 பீக்கோநொடி (பீக்கோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அகலமும் கொண்ட அந்தத் துடிப்பு ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே அளவு காந்தப் பாயத்தை (ஒரு பரப்பின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவை) வளையத்துக்குள் விடும் அல்லது வெளியே எடுக்கும். மீகடத்தி வளையத்துக்குள் காந்தப் பாயம் 2.07×10⁻¹⁵ வெபரின் முழு மடங்காகவே அடைபடும் என்பது இயற்கை விதி. 1961-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை அளந்து காட்டின. ஆகவே இங்கே பிட் என்பது பொறியாளர் வரைந்த எல்லைக்கோடாக இல்லாமல், இயற்கையே எண்ணிக் கொடுக்கும் அலகாக அமைகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

குளிர்விக்கும் செலவையும் சேர்த்தால் உண்மையிலேயே மின்சாரம் மிச்சமாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இந்தத் துறையை நம்பக் கூடாது. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

100 மைக்ரோஆம்பியர் எல்லை கொண்ட ஒரு சந்தி ஒருமுறை மாறும்போது செலவாகும் ஆற்றல் சுமார் 0.2 அட்டோஜூல், அதாவது 2×10⁻¹⁹ ஜூல். சிலிக்கான் சுற்றில் அதே வேலைக்கு, கம்பியின் மின்னேற்றத்தையும் சேர்த்து, ஃபெம்டோஜூல் (ஆயிரம் அட்டோஜூல்) அளவில் ஆகும். ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு.

ஆனால் 4.2 கெல்வினில் வெளிப்படும் 1 வாட் வெப்பத்தை 300 கெல்வின் அறைக்கு ஏற்றிவிட, எந்த இழப்பும் இல்லாத கற்பனை எந்திரத்துக்கே 70 வாட் வேண்டும் என்கிறது கார்னோ விதி. நிஜ எந்திரங்கள் அதைவிட அதிகம் கேட்கும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் முடுக்கிக் காந்தங்களுக்காக இயங்கும் பெரிய ஹீலியம் ஆலைகளில் 1 வாட்டுக்குச் சுமார் 230 வாட் ஆகிறது. ஆய்வுக்கூடங்களில் உள்ள சிறிய குளிர்விப்பான்களின் நிலை இன்னும் மோசம். 4.2 கெல்வினில் 1 அல்லது 2 வாட்டை அகற்ற அவை 10 கிலோவாட் அளவில் மின்சாரம் இழுக்கும்.

எனவே விடை அளவைப் பொறுத்தது. 0.2 அட்டோஜூலை 230-ஆல் பெருக்கினால் 46 அட்டோஜூல், அப்போதும் ஆதாயம்தான். 5,000-ஆல் பெருக்கினால் 1 ஃபெம்டோஜூல், ஆதாயம் கரைந்துவிட்டது. சிறிய அளவில் இது வீண் செலவு. பெரிய குளிர் ஆலை ஒன்று முழுக் கொள்ளளவில் ஓடும் இடத்தில்தான் கணக்கு நேராகும். உலகத் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரத்தை, அதாவது உலக நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை, எடுத்துக்கொண்டதாகச் சர்வதேச ஆற்றல் முகமை மதிப்பிட்டது. அந்த அளவில் யோசிப்பவர்களுக்கான தொழில்நுட்பம் இது.

இதுவரை சொன்னது கணக்குப் போடும் சுற்றுக்கு. நினைவகத்தைச் சேர்த்ததும் கதை மாறுகிறது. சில்லுக்கு வெளியே உள்ள டிரேமிலிருந்து ஒரு பிட்டை எடுத்துவரச் சில பீக்கோஜூலாவது ஆகும். ஒரு பீக்கோஜூல் என்பது 0.2 அட்டோஜூலைப் போல 50 இலட்சம் மடங்கு. செயலியை 4 கெல்வினில் வைத்துவிட்டுத் தரவை அறை வெப்பநிலையிலிருந்து ஒவ்வொரு முறையும் இழுத்துவந்தால், செயலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் வழிச்செலவிலேயே போய்விடும். அந்தக் கம்பிகள் தம் பங்குக்கு வெப்பத்தையும் உள்ளே கடத்திவரும். நினைவகமும் செயலியின் அருகிலேயே குளிரில் இருந்தாக வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

தர்க்கச் சுற்றுகள் (கணக்குப் போடும் சுற்றுகள்) முன்னேறியபோது நினைவகம் மட்டும் ஏன் பின்தங்கியது?

எண்களைப் பாருங்கள். 1999-இல் ஒரு மீகடத்திச் சுற்று 770 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கிக் காட்டியது. ஜோசப்சன் சந்திகளை மட்டுமே கொண்டு, எந்த முகவரியையும் நேரடியாக அணுகும் நினைவகமாக 1990-களில் ஜப்பானின் என்இசி நிறுவனம் செய்து காட்டியது 4 கிலோபிட். பல ஆண்டுகள் அந்த அளவே உச்சமாகப் பேசப்பட்டது. இன்றைய ஒரே டிரேம் சில்லில் 16 கிகாபிட் அடங்குகிறது. 40 இலட்சம் மடங்கு இடைவெளி.

முதல் காரணம் வளையத்தின் பருமன். வளையத்தின் தூண்டல் எண்ணையும் (மின்னோட்ட மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு) சந்தியின் எல்லை மின்னோட்டத்தையும் பெருக்கினால் ஒரு பாய அலகு, அதாவது மேலே சொன்ன 2.07×10⁻¹⁵ வெபர், அளவுக்காவது வர வேண்டும். இல்லாவிட்டால் பிட் நிற்காது. 100 மைக்ரோஆம்பியருக்கு அது சுமார் 20 பீக்கோஹென்றி. சாதாரண நியோபியம் கோட்டில் அதைப் பெறப் பல பத்து மைக்ரோமீட்டர் நீளம் வேண்டும். டிரேமின் ஒரு பிட் ஒரு சதுர மைக்ரோமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மின்னோட்டத்தைக் குறைத்தால் ஆற்றல் குறையும், ஆனால் வளையம் பெரிதாகும். வளையத்தைச் சிறிதாக்கினால் மின்னோட்டம் கூடும், ஆற்றலும் கூடும். இரண்டு பக்கமும் இடிக்கிறது.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நினைவகம் என்பது பிட்களின் குவியல் மட்டும் ஆகாது. ஆயிரக்கணக்கான வரிசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நீண்ட கோடு முழுவதற்கும் சமிக்ஞையைத் தள்ள வேண்டும். மற்ற வரிசைகள் அசையாமலும் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு இது இயல்பான வேலை. அதற்கு மூன்று முனைகள் உண்டு, பெருக்கமும் உண்டு, உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனி. ஜோசப்சன் சந்திக்கு இரண்டே முனைகள், மில்லிவோல்ட் அளவு துடிப்பு. அதனால் ஒவ்வொரு கலத்துக்கும் சிறு மின்மாற்றிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. கலம் மேலும் பெருத்தது.

தயாரிப்புத் திறன் குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது முழுமையான விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தின் தயாரிப்பு முறையில் சுமார் 8 இலட்சம் சந்திகள் கொண்ட, 2 இலட்சம் பிட்களுக்கு மேல் தாங்கும் நகர்வுப் பதிவகம் (பிட்களை வரிசையில் ஒவ்வொரு படியாக நகர்த்தும் சுற்று) செய்து இயக்கப்பட்டிருக்கிறது. சந்திகளைப் பெருக்க முடிகிறது. நினைத்த பிட்டை நினைத்த நேரத்தில் எடுப்பதுதான் கடினம்.

இதை முன்பே யாரும் முயன்று பார்க்கவில்லையா?

முயன்றார்கள், பெரிய அளவிலேயே. 1956-இல் எம்ஐடியின் டட்லி பக் 'கிரையோட்ரான்' என்ற சாதனத்தை அறிவித்தார். ஒரு டான்டலம் கம்பியைச் சுற்றி மெல்லிய நியோபியம் கம்பிச் சுருள். சுருளில் மின்னோட்டம் விட்டால் அதன் காந்தப்புலம் டான்டலத்தின் மீகடத்தலைக் குலைக்கும். திரவ ஹீலியத்தில் மூழ்கிய ஒரு மாற்றி அது. பக் 1959-இல் இளம் வயதிலேயே காலமானார்.

அதன் பிறகு ஐபிஎம் ஜோசப்சன் சந்திகளால் ஒரு முழுக் கணினியையே செய்ய முனைந்து, 1983-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. போதிய வேகமுள்ள நினைவகச் சில்லைச் செய்து முடிப்பதில் வந்த தடை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. சிலிக்கான் அதற்குள் வேகமாக முன்னேறிவிட்டதும் இன்னொன்று. அதே காலத்தில்தான் பெல் ஆய்வகத்தில் நியோபியம், அலுமினியம் ஆக்சைடு, நியோபியம் என்ற மூவடுக்குச் சந்தி உருவானது. ஐபிஎம் நம்பியிருந்த ஈயக் கலவைச் சந்திகள் குளிர்வதும் சூடாவதுமாக இருந்தால் கெட்டுப்போகும்; மூவடுக்குச் சந்தி அதைத் தாங்கியது. இன்று வரை துறை அதன் மேல்தான் நிற்கிறது.

1985-இல் மாஸ்கோவில் லிக்காரெவ், முக்கானவ், செமியோனவ் மூவரும் ஒற்றைப் பாயத் துடிப்பையே பிட்டாகக் கொள்ளும் ஆர்எஸ்எஃப்கியூ முறையை முன்வைத்தனர். 2014-இல் அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வு முகமையான ஐஆர்பா, கடுங்குளிர்க் கணினித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தர்க்கச் சுற்றுக்கு நிகராக நினைவகத்தையும் அதன் தனிக் குறிக்கோளாக வைத்தது.

இப்போது என்னென்ன வகைகள் ஆய்வில் உள்ளன?

பாய வளையங்களும் நகர்வுப் பதிவகங்களும் முதல் வகை. வேகம் மிக அதிகம், ஆற்றல் மிகக் குறைவு, இடம் நிறைய. செயலிக்குள் இருக்கும் பதிவகங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

காந்தச் சந்தி இரண்டாவது வகை. சந்தியின் நடுவே காப்புப் படலத்துக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ இரும்புவகைக் காந்தப் படலங்களை வைக்கிறார்கள். இரண்டு படலங்களின் காந்தத் திசைகள் ஒத்திருக்கின்றனவா எதிரெதிராக உள்ளனவா என்பதைப் பொறுத்துச் சந்தியின் எல்லை மின்னோட்டமோ குவாண்டம் கட்டமோ (எலெக்ட்ரான் இணைகளின் அலை நிலையோ) மாறும். இப்படிக் கட்டம் தலைகீழாகும் சந்திகள் 1977-இல் கணிக்கப்பட்டு 2001-இல் சோதனையில் காணப்பட்டன. பிட் காந்தத்தில் இருப்பதால் பெரிய வளையம் தேவையில்லை, படிப்பதும் வேகம். எழுதுவதுதான் சிக்கல். காந்தத்தைத் திருப்ப அதிக மின்னோட்டம் வேண்டும், நானோநொடி அளவில் நேரமும் பிடிக்கும். இயற்பியலாக இது அற்புதமானது. ஆனால் அடிக்கடி எழுதும் நினைவகமாக இது முந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நானோகம்பி வகை என் கவனத்தை அதிகம் ஈர்க்கிறது. நியோபியம் நைட்ரைடை ஒருசில நானோமீட்டர் தடிமனில் பூசி, மிகக் குறுகிய கம்பிகளாகச் செதுக்குகிறார்கள். அந்த மெல்லிய கம்பியில் எலெக்ட்ரான் இணைகளின் நிலைமமே ஒரு தூண்டலாகச் செயல்படும். சாதாரணக் கோட்டில் பல பத்து மைக்ரோமீட்டரில் கிடைக்கும் தூண்டலை இங்கே ஒரு மைக்ரோமீட்டருக்குள்ளேயே பெறலாம். மேலே சொன்ன இடப் பிரச்சினையின் வேரையே இது தொடுகிறது. அதோடு, 2014-இல் எம்ஐடியில் மெக்காகனும் பெர்க்ரனும் அறிவித்த 'என்ட்ரான்' என்ற நானோகம்பிச் சாதனத்துக்கு மூன்று முனைகள் உண்டு. சிறிய மின்னோட்டம் ஒன்று பெரிய மின்னோட்டத்தைத் தடுக்கும். பக் கண்ட கனவு நானோ அளவில் திரும்பிவந்ததுபோல் இருக்கிறது. கம்பியில் சூடேறிய இடம் மறுபடி குளிர நேரம் எடுப்பதால் ஜோசப்சன் சந்தியின் வேகம் இதற்கு வராது. பல மட்ட நினைவகத்தில் நடுமட்டத்துக்கு அந்த வேகம் போதும் என்பது என் கணிப்பு.

கலப்பு வகையும் உண்டு. பிட்களை வழக்கமான சிலிக்கான் சில்லுகளில் உள்ள சிமாஸ் டிரான்சிஸ்டர்களில் வைத்து, 4 கெல்வினிலேயே இயக்கி, மீகடத்திச் சுற்றோடு இணைப்பது. 64 கிலோபிட் அளவில், சுமார் 400 பீக்கோநொடி அணுகுநேரத்தில் இது செய்து காட்டப்பட்டது. மில்லிவோல்ட் துடிப்பை டிரான்சிஸ்டருக்குப் புரியும் வோல்ட் அளவுக்கு ஏற்றும் பெருக்கிகள் கணிசமான ஆற்றலை விழுங்கும்.

ஒரே ஓர் அப்ரிகோசோவ் சுழலை, அதாவது மீகடத்திக்குள் நுழைந்து தங்கும் மிக நுண்ணிய காந்தச் சுழலை, பிட்டாகப் பயன்படுத்தும் சோதனையும் 2015-இல் வெளியானது. நினைவகமாக வளர அதற்குத் தூரம் அதிகம்.

சாதாரண டிரேமையே குளிரில் வைக்கக் கூடாதா?

வைக்கலாம். குளிரக் குளிர டிரான்சிஸ்டரின் கசிவு குறையும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் டிரேமின் மின்னேற்றம் மிக நீண்ட நேரம் தங்கும். புதுப்பிக்கும் தேவை வெகுவாகக் குறையும். 77 கெல்வினில் 1 வாட்டை அகற்றும் செலவும் 4 கெல்வினோடு ஒப்பிட்டால் சொற்பம். கார்னோ கணக்கில் 3 வாட்டுக்கும் குறைவு. செயலியும் சிறிய வேக நினைவகமும் 4 கெல்வினில், பெரிய டிரேம் 77 கெல்வினில் என்ற ஏற்பாட்டைப் பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வகம் உள்படப் பலர் முன்வைக்கிறார்கள். இப்போதைக்கு இதுவே நடைமுறைக்கு மிக நெருங்கிய வழி. ஆனாலும் 4 கெல்வினில் மெகாபைட் அளவிலாவது நினைவகம் இல்லாவிட்டால் செயலி பாதி நேரம் தரவுக்குக் காத்திருக்கும்.

மின்சாரம் நின்றால் தரவு அழிந்துவிடுமா?

வளையமும் நானோகம்பியும் குளிர் இருக்கும்வரை தரவைக் காக்கும். குளிர்விப்பான் நின்று வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் மின்னோட்டம் மறையும், தரவும் போகும். காந்தச் சந்தியில் மட்டும் அறை வெப்பநிலைக்கு வந்தாலும் காந்தத் திசை நிலைத்திருக்கும்படி வடிவமைக்கலாம்.

பூமியின் காந்தப்புலமே தொல்லை தருமா?

தரும். பூமியின் புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லின் வழியே ஏறத்தாழ 24 இலட்சம் பாய அலகுகள் செல்லும். சில்லு குளிர்ந்து மீகடத்தியாகும்போது இவற்றில் சில உள்ளே சிக்கிக்கொண்டால் அருகிலுள்ள பிட்கள் தவறாகிவிடும். அதனால் சில்லைக் காந்தக் கவசங்களுக்குள் வைத்து மெதுவாகக் குளிர்விக்கிறார்கள். சிக்கும் பாயம் தீங்கில்லாத இடத்தில் ஒதுங்கும்படி உலோகப் படலத்தில் பள்ளங்களும் வெட்டுகிறார்கள். நினைவகம் சில்லின் பெரும்பகுதியை நிரப்பும் என்பதால் இந்தத் தொல்லை அதற்குத்தான் அதிகம்.

உயர் வெப்பநிலை மீகடத்திகள் இருக்கின்றனவே, ஏன் 4 கெல்வினைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

1987-இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 92 கெல்வின் வரை மீகடத்திதான். ஆனால் அதில் ஒரே சீரான சந்திகளை ஆயிரக்கணக்கில் செய்வது மிகக் கடினம். அதைத் தீர்த்தாலும் வெப்ப இரைச்சல் விடாது. 77 கெல்வினில் அது 4.2 கெல்வினைப் போல 18 மடங்கு. பிழையில்லாமல் பிட் நிற்க மின்னோட்டமும் 18 மடங்கு வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தின் ஆற்றலும் அதே அளவு ஏறும்.

குவாண்டம் கணினிக்கு இது உதவுமா?

இந்த நினைவகம் முதலில் வேலைக்கு வரப்போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீகடத்திக் குபிட்கள் (குவாண்டம் கணினியின் பிட்கள்) 10 முதல் 20 மில்லிகெல்வினில் இயங்குகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகள் வெளியே இருப்பதால் குபிட் எண்ணிக்கை கூடக் கூடக் கம்பிகளும் கூடுகின்றன. கட்டுப்பாட்டுச் சுற்றையும், குபிட்டுக்கு அனுப்ப வேண்டிய அலைவடிவங்களைத் தாங்கும் நினைவகத்தையும் 4 கெல்வின் தளத்துக்கே கொண்டுவந்தால் அந்த நெரிசல் தீரும். அங்கே குளிர்ச்சி எப்படியும் இருக்கிறது. கூடுதலாகக் குளிர் ஆலை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தளம் தாங்கும் வெப்பம் ஒன்றிரண்டு வாட்தான். அதற்குள் அடங்கும் நினைவகம் வேண்டும்.

மடிக்கணினியில் வருமா?

வராது. மேலே போட்ட குளிர்விப்புக் கணக்கே காரணம்.

புதிய ஆய்வு முடிவு ஒன்றைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

'ஒரு பிட்டுக்கு இத்தனை ஆற்றல்' என்ற எண் தனிக் கலத்துக்குச் சொல்லப்பட்டதா, முகவரி பிரிக்கும் சுற்றும், படித்த மெல்லிய சமிக்ஞையைப் பெரிதாக்கும் உணர்வுப் பெருக்கியும் சேர்ந்த முழு அணிக்கா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருக்கலாம். அந்த ஆற்றல் எந்த வெப்பநிலையில் செலவாகிறது, குளிர்விப்புப் பெருக்கம் சேர்க்கப்பட்டதா என்பது அடுத்தது. 2013-க்குப் பிறகு யோகோகாமா தேசியப் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த ஏகியூஎஃப்பி என்ற சுற்றுமுறையில் ஒரு சந்திக்கு 1.4 செப்டோஜூல் (செப்டோஜூல் அட்டோஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஒரு 4-பிட் நுண்செயலியில் காட்டினார்கள். வியக்கவைக்கும் எண்தான். நினைவகம் தரவைக் கொடுக்கும் வேகமும் ஆற்றலும் அதற்கு ஈடாகாதவரை அந்த மிச்சம் முழு எந்திரத்தில் தெரியாது.

பிழை வீதத்தையும் தேடிப் படியுங்கள். இலட்சம் முறைக்கு ஒரு பிழை என்பது ஆய்வகத்தில் நல்ல முடிவு. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை எழுதிப் படிக்கும் கணினிக்கு அது போதவே போதாது. படிக்கும்போது பிட் அழிகிறதா என்றும் பாருங்கள். அழிந்தால் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு மறு எழுத்து உண்டு. அதன் ஆற்றலும் நேரமும் கணக்கில் வர வேண்டும். கடைசியாக, அணியின் அளவு. நாலுக்கு நாலு கலம் சரியாக இயங்கியது என்றால் கலம் வேலை செய்கிறது என்று பொருள். ஆயிரத்துக்கு ஆயிரம் அணியில் ஒரு வரிசையைத் தொடும்போது மற்ற 999 வரிசைகளும் அசையாமல் இருந்தன என்று ஒரு கட்டுரை காட்டினால், அதை முழுதாக உட்கார்ந்து படியுங்கள்.